குறுங்கேலக்ஸிகளில் விண்மீன்கள் பிறந்த வரலாறு: தென்காசி வட்டார அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்துப் பள்ளி, கல்லூரி அறிவியல் ஆசிரியர்களுக்கும் வானம் பார்க்கும் மாணவர்களுக்கும்,



பால்வீதியைச் சுற்றி அறுபதை ஒட்டிய எண்ணிக்கையில் சிறிய கேலக்ஸிகள் இதுவரை கண்டறியப்பட்டுள்ளன. இவற்றைக் குறுங்கேலக்ஸிகள் எனலாம். பால்வீதியில் உள்ள விண்மீன்கள் 10,000 கோடிக்குக் குறையாது. குறுங்கேலக்ஸிகளில் மூத்ததுபோல் நிற்கும் பெரிய மெகல்லன் மேகத்தில் உள்ள விண்மீன்களின் மொத்த நிறை சில நூறு கோடிச் சூரியன்களுக்குச் சமம். கரைனா என்ற குறுங்கேலக்ஸியில் அது சில லட்சம் சூரியன்கள். கடைக்கோடியில் இருக்கும் செகு-1 முழுவதும் சேர்ந்து தரும் ஒளி, சூரியனின் ஒளியைப்போல் ஆயிரம் மடங்கைக்கூடத் தாண்டாது. ஆந்திரமேடா கேலக்ஸிக்கும் இப்படி ஒரு பரிவாரம் உண்டு. இரண்டுக்கும் உட்படாமல் தனித்துத் திரிபவையும் உண்டு. இவை அனைத்தும் சேர்ந்ததே உள்ளூர்க் குழு.

சிறியவை என்றாலும் வானியலில் இவற்றுக்குத் தனி இடம் இருக்கிறது. பிரபஞ்சத்தில் எண்ணிக்கையில் மிகுந்த கேலக்ஸிகள் இவையே. பெரிய கேலக்ஸிகள் இவற்றை விழுங்கியும் வளர்ந்தன. எல்லாவற்றையும்விட, அருகில் இருப்பதால் இவற்றின் விண்மீன்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். தொலைதூரக் கேலக்ஸி ஒரு மங்கலான ஒளித்திட்டாகவே தெரியும். அதன் மொத்த ஒளியை வைத்து வயதை ஊகிக்க வேண்டும். குறுங்கேலக்ஸியிலோ எந்தக் காலத்தில் எத்தனை விண்மீன்கள் பிறந்தன என்ற கணக்கை நேரடியாகவே போடலாம். அந்தக் கணக்குக்கு விண்மீன் பிறப்பு வரலாறு என்று பெயர்.

கடந்த 40 ஆண்டுகளில் போடப்பட்ட கணக்குகள் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்கின்றன. போதிய ஆழத்துக்கு ஆராயப்பட்ட குறுங்கேலக்ஸி எதிலும் பழைய விண்மீன்கள் இல்லாமல் இல்லை. எல்லாமே பிரபஞ்சத்தின் தொடக்க காலத்திலேயே பிறக்கத் தொடங்கியவை. ஆனால் பிறப்பு எப்போது நின்றது, எப்போது மீண்டது என்பதில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ஒவ்வொரு குறுங்கேலக்ஸியும் தன் வாயுவை எவ்வளவு காலம் காப்பாற்றிக்கொண்டது என்பதே அந்த வேறுபாட்டுக்கு அடிப்படை.

தென்காசி வானில் எங்கே?

தென்காசி 9 பாகை வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. தென்வானத்தின் கடைசிப் பகுதிவரை எட்டிப் பார்க்க வாய்த்த ஊர்களில் இதுவும் ஒன்று. பெரிய மெகல்லன் மேகம் இங்கே தென்தொடுவானுக்கு மேல் 11 பாகை உயரம்வரை வரும். சிறிய மெகல்லன் மேகம் 8 பாகை. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் பெரிய மேகம் 8 பாகையைக்கூட எட்டாது. தில்லியில் அது உதிப்பதே இல்லை.

அடையாளம் காட்ட அகத்திய விண்மீன் போதும். வானில் பிரகாசத்தில் இரண்டாவதான இந்த விண்மீன் தென்காசியில் 28 பாகை உயரம் ஏறும். அதற்குக் கீழே, சற்றே மேற்கில், 18 பாகை தள்ளிப் பெரிய மெகல்லன் மேகம் இருக்கும். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை; ஆகவே இரண்டு முட்டிக்குச் சற்றுக் குறைவு. தை பிறக்கும் வேளையில் இரவு பத்தேகால் மணிக்கும், மாசி பிறக்கும் வேளையில் எட்டேகால் மணிக்கும் அது நேர் தெற்கில் நிற்கும். சிறிய மேகம் நேர் தெற்கே வருவது ஐப்பசி, கார்த்திகை இரவுகளில். அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் வானம் வெளுக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் இரண்டுமே இரவு முன்பகுதியில் இல்லை. இருந்தாலும் மழைமேகம் விடாது.

அகத்தியமலை தென்காசிக்கு ஏறத்தாழ நேர் தெற்கில் 40 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அதன் உயரம் 1,868 மீட்டர் என்றாலும், அந்தத் தொலைவில் அது மறைக்கும் வானம் 3 பாகைக்கும் குறைவு. குற்றாலத்தில் அருவிக்கரையை ஒட்டி நின்றால் மலை முட்டும். தென்காசிக்குக் கிழக்கே, ஊர் விளக்குகள் தெற்குப் பக்கம் இல்லாத வயல்வெளி நல்லது. நிலவு இருக்கக் கூடாது. தொடுவானை ஒட்டி இருப்பதால் காற்றின் அடர்த்தி ஒளியைக் குறைக்கும். சாதாரண பைனாகுலர் உதவும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குறுங்கேலக்ஸியும் இதே பகுதியில் உண்டு. அகத்திய விண்மீனிலிருந்து 3 பாகை தள்ளி, அதாவது நீட்டிய கையின் இரண்டு விரல் அகலத்தில், கரைனா இருக்கிறது. அகத்திய விண்மீன் 310 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. கரைனாவோ அதன் பின்னால் வெகுதூரத்தில், 3.4 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால். வடக்கே, சிம்ம ராசியின் மக விண்மீனுக்கு அரைப் பாகைக்கும் குறைவான இடைவெளியில் லியோ-1 இருக்கிறது. இந்த மடலில் வரும் வரலாறுகளில் மூன்று இந்த அடையாளங்களுக்குப் பக்கத்தில் நடந்தவை.

வரலாற்றைப் படிக்கும் முறை

விண்மீனின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் நிறை. நிறை கூடினால் எரிபொருளும் கூடும். ஆனால் எரியும் வேகம் அதைவிடப் பன்மடங்கு கூடிவிடும். சூரியன் தன் மையத்தில் உள்ள ஹைட்ரஜனை 1,000 கோடி ஆண்டுகள் எரிக்கும். சூரியனைப்போல் 10 மடங்கு நிறை உள்ள விண்மீன் இரண்டு மூன்று கோடி ஆண்டுகளில் அதைத் தீர்த்துவிடும். சூரியனின் முக்கால் பங்கு நிறையே கொண்ட விண்மீன், பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகள் ஆகியும் இன்னும் அணையாமல் இருக்கும். ஆகவே எந்தத் தலைமுறை பிறந்திருந்தாலும் அதன் சிறிய விண்மீன்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. பதிவேடு அழியவில்லை.

அந்தப் பதிவேட்டைப் படிக்கப் பயன்படுவது நிற-பொலிவு வரைபடம். ஒரே பகுதியை இரண்டு வடிகட்டிகள் வழியாகப் படமெடுத்து, ஒவ்வொரு விண்மீனின் நிறத்தையும் கிடையச்சிலும் பொலிவைச் செங்குத்தச்சிலும் குறிப்பார்கள். ஹைட்ரஜனை எரிக்கும் விண்மீன்கள், மேல் இடப்பக்கத்தில் பொலிவான நீலத்திலிருந்து கீழ் வலப்பக்கத்தில் மங்கலான சிவப்புவரை ஒரு சாய்ந்த பட்டையில் அடங்கும். இது முதன்மை வரிசை. ஒரு தலைமுறைக்கு வயதாக ஆக, அந்தப் பட்டை மேலிருந்து கீழ்நோக்கித் தேய்ந்துகொண்டே வரும். எந்த இடத்தில் பட்டை முடிந்து, விண்மீன்கள் வலப்பக்கம் திரும்பிச் செம்பூதமாக மாறப் புறப்படுகின்றனவோ, அந்தத் திருப்புமுனையே அந்தத் தலைமுறையின் வயது. பல தலைமுறைகள் இருந்தால் பல திருப்புமுனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு வேதியியல் கலவைக்கும் கணினியில் மாதிரி வரைபடம் தயாரித்து, எந்த விகிதத்தில் அவற்றைக் கலந்தால் கண்ட வரைபடம் கிடைக்கிறது என்று பொருத்திப் பார்ப்பார்கள். அந்த விகிதங்களின் பட்டியலே விண்மீன் பிறப்பு வரலாறு.

திருப்புமுனை எட்டாத தொலைவில் இருந்தால் வேறு சான்றுகள் உதவும். ஆர்.ஆர். லைரே வகை மாறொளி விண்மீன்கள் 1,000 கோடி ஆண்டு கடந்த தலைமுறைக்குச் சாட்சி. பிரகாசமான கார்பன் விண்மீன்கள் இடைப்பட்ட வயதைக் காட்டும். நீலப் பெருவிண்மீன்களும் ஒளிரும் ஹைட்ரஜன் மேகங்களும் இப்போது நடக்கும் பிறப்புக்கு அடையாளம்.

முறை எளிது, செயல்படுத்துவது கடினம். மிகப் பழைய தலைமுறையின் திருப்புமுனை மிக மங்கலானது. பொலிவெண் கூடக் கூட மங்கலும் கூடும்; இருட்டு இடத்தில் மனிதக் கண் 6ஆம் பொலிவெண் வரை பார்க்கும். பெரிய மெகல்லன் மேகத்தில் பழைய திருப்புமுனை 22.5இல் இருக்கிறது, கரைனாவில் 24, 26 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள லியோ-ஏ என்ற குறுங்கேலக்ஸியில் 28.5. கடைசியாகச் சொன்னது, கண்ணால் காணக்கூடிய மிக மங்கலான விண்மீனைவிட 100 கோடி மடங்கு மங்கல். கரைனாவைத் தரையில் உள்ள 4 மீட்டர் தொலைநோக்கியால் படிக்கலாம். லியோ-ஏவுக்கு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி வேண்டும்.

இந்த வழி திறந்தது 1944இல். இரண்டாம் உலகப்போரின்போது லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் விளக்கணைத்துக் கிடந்த இரவுகளில், மவுன்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியால் வால்டர் பாடே ஆந்திரமேடாவின் மையத்தையும் அதன் துணைக் கேலக்ஸிகளான எம்.32, என்.ஜி.சி. 205 ஆகியவற்றையும் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காட்டினார். அவற்றில் பொலிவானவை சிவப்பாக இருந்தன. சுருள் கரங்களில் பொலிவானவை நீலமாக இருந்தன. விண்மீன்களில் இரு தலைமுறைகள் உண்டு என்ற கருத்து அங்கிருந்து வேர்விட்டது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1938இல், ஹார்லோ ஷாப்லி ஸ்கல்ப்டர், ஃபோர்னாக்ஸ் என்ற இரு குறுங்கேலக்ஸிகளைக் கண்டறிந்து அறிவித்திருந்தார். வாயுவோ நீல விண்மீனோ இல்லாத அவற்றை, ஒரே மூச்சில் பிறந்து ஓய்ந்த பழைய கூட்டங்கள் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள்.

கரைனா: நின்று நின்று நடந்த பிறப்பு

அந்த எண்ணத்தை உடைத்ததில் கரைனாவுக்குப் பெரும் பங்கு உண்டு. இது 1977இல் ஆஸ்திரேலியாவில் உள்ள ஷ்மிட் தொலைநோக்கியின் படத்தகட்டில் கண்டறியப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஜெரமி மோல்டும் மார்க் ஆரன்சனும் இதில் இடைப்பட்ட வயதுள்ள விண்மீன்கள் இருப்பதைக் காட்டினார்கள். 1986இல் அபிஜித் சாகாவும் கூட்டாளிகளும் இங்கே ஆர்.ஆர். லைரே விண்மீன்களைக் கண்டார்கள். பழைய தலைமுறையும் உண்டு என்று உறுதியானது. 1990களில் மின்னணு உணர்விகள் ஆழமான வரைபடத்தைத் தந்தன.

அந்த வரைபடத்தைக் கரும்பலகையில் வரைவதானால் இப்படி இருக்கும். முதன்மை வரிசையின் பட்டை கீழிருந்து ஏறி வருகிறது. 24ஆம் பொலிவெண்ணை ஒட்டி அதிலிருந்து ஒரு கிளை வலப்பக்கம் பிரிகிறது. இது 1,000 கோடி ஆண்டு கடந்த தலைமுறை. அதற்கு மேலே கொஞ்சம் வெற்றிடம். பிறகு இன்னொரு கிளை தெளிவாகப் பிரிகிறது. இது ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய தலைமுறை. அதற்கும் மேலே இளைய விண்மீன்களின் சிதறல். விண்மீன்கள் இடைவிடாமல் பிறந்திருந்தால் கிளைகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்காது, முழுப்பகுதியும் நிரம்பியிருக்கும். வெற்றிடம் இருப்பதால், அத்தனை காலம் பிறப்பு மிகவும் தணிந்து கிடந்தது என்றாகிறது. கரைனாவின் விண்மீன்களில் பாதிக்கு மேற்பட்டவை அந்த நீண்ட இடைவெளிக்குப் பிறகு பிறந்தவை.

இதே வரைபடத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. கிளைகள் இரண்டாகப் பிரிந்திருந்தும் மேலே செம்பூதங்களின் வரிசை ஒற்றைக் கோடுபோல் ஒடுங்கி நிற்கிறது. வயது குறைந்தால் செம்பூதம் நீலப்பக்கம் நகரும். உலோகச் செறிவு (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) கூடினால் சிவப்புப்பக்கம் நகரும். கரைனாவில் இளைய தலைமுறை, முந்திய விண்மீன்கள் உமிழ்ந்த உலோகங்களோடு பிறந்ததால், இரண்டு நகர்வும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. செம்பூதங்களை மட்டும் பார்த்தால் ஒரே தலைமுறை என்று தோன்றும். திருப்புமுனைவரை ஆழமாகப் போனால்தான் உண்மை தெரியும் என்பதற்கு வகுப்பறையில் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

மற்ற அண்டைக் குறுங்கேலக்ஸிகள் வேறு வேறு வழியில் போயின. ஸ்கல்ப்டரில் பெரும்பாலான விண்மீன்கள் தொடக்க காலத்திலேயே பிறந்து, பிறப்பு படிப்படியாக ஓய்ந்தது. ஃபோர்னாக்ஸில் சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்வரைகூட விண்மீன்கள் பிறந்தன. மக விண்மீனுக்குப் பக்கத்தில் உள்ள லியோ-1, 8 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே பிறப்பு நின்று 100 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. அதன் வேகத்தை அளந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், அது பால்வீதியை மிக நெருங்கி வந்து போனதும் ஏறத்தாழ அதே காலத்தில்.

முதலிலேயே முடிந்தவை

2005 முதல் ஸ்லோன் வானளவையின் தரவுகளிலிருந்து அதிமங்கல் குறுங்கேலக்ஸிகள் என்ற புதிய வகை வெளிவந்தது. பால்வீதியின் முன்னணி விண்மீன்களிலிருந்து பிரித்தறிவதே கடினமான அளவுக்கு இவை மெலிந்தவை. தாமஸ் பிரவுன் தலைமையிலான குழு ஹபிள் தொலைநோக்கியால் இவற்றில் ஆறை ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டது. ஆறிலும் ஒரே கதை: விண்மீன்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு 1,280 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டன, 1,160 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறப்பு அநேகமாக முற்றிலும் முடிந்துவிட்டது.

தனித்தனியே கிடக்கும் ஆறும் ஒரே நேரத்தில் ஓய்வதென்றால், காரணம் பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். பிரபஞ்சம் பிறந்து முதல் 100 கோடி ஆண்டுகளுக்குள், அன்று தோன்றிய விண்மீன்களின் புறஊதா ஒளி, கேலக்ஸிகளுக்கு இடையே பரவியிருந்த ஹைட்ரஜனைச் சூடேற்றி மீண்டும் அயனியாக்கியது. சூடான வாயுவைப் பிடித்துவைக்க வலுவான ஈர்ப்பு வேண்டும். மிகச் சிறிய கேலக்ஸிகளுக்கு அது இல்லை. புதிய வாயு உள்ளே வரவில்லை, இருந்ததும் நிலைக்கவில்லை. ஆகவே இவற்றில் இன்று காண்பது பிரபஞ்சத்தின் முதல் சில தலைமுறைகள் மட்டுமே.

தாமதமாகத் தொடங்கியவை

பால்வீதியிலிருந்தும் ஆந்திரமேடாவிலிருந்தும் தள்ளி நிற்கும் குறுங்கேலக்ஸிகளில் நிலை தலைகீழ். லியோ-ஏவை ஹபிள் மூலம் ஆராய்ந்த ஆண்ட்ரூ கோல் குழு 2007இல் வெளியிட்ட கணக்குப்படி, அதன் விண்மீன்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடந்த 800 கோடி ஆண்டுகளில் பிறந்தவை. பழைய விண்மீன்கள் உண்டு, ஆனால் சொற்பம். கும்ப ராசிப் பகுதியில் உள்ள டி.டி.ஓ. 210 என்ற குறுங்கேலக்ஸியிலும் இதே தாமதம் தெரிந்தது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்தபின் கிறிஸ்டன் மெக்குவின் குழு டபிள்யூ.எல்.எம்., லியோ-பி ஆகிய இரண்டு தனிமைக் குறுங்கேலக்ஸிகளை ஆராய்ந்தது. இரண்டிலும் முதலில் பிறப்பு, பிறகு சில நூறு கோடி ஆண்டுகள் இடைவெளி, அதன்பின் மறுதொடக்கம். லியோ-பி உலோகச் செறிவில் சூரியனின் 3 விழுக்காடே கொண்ட மிகச் சிறிய கேலக்ஸி. தொடக்க காலச் சூடு இவற்றையும் தாக்கியிருக்கிறது. ஆனால் இவற்றிடம் வாயு முழுவதும் போய்விடவில்லை. விலகி நின்றதால் அதைப் பறிக்கப் பக்கத்தில் பெரிய கேலக்ஸியும் இல்லை. ஆறிய வாயு மெல்லத் திரும்ப விழுந்து பிறப்பு மீண்டது.

மிக இளமையான கேலக்ஸி என்று நம்பப்பட்ட ஐ ஸ்விக்கி 18இன் கதையும் இதோடு சேரும். சுமார் 6 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அது, முதல்முறையாக இப்போதுதான் விண்மீன்களை ஈன்றுகொண்டிருக்கிறது என்று கருதப்பட்டது. 2007இல் ஹபிள் அதில் 100 கோடி ஆண்டைக் கடந்த மங்கலான செம்பூதங்களைக் கண்டது. இளமை என்று எண்ணியது பழைய கூட்டத்தின்மேல் விழுந்த புதிய ஒளிதான்.

மெகல்லன் மேகங்களும் பெங்களூரு ஆய்வும்

பெரிய மெகல்லன் மேகம் 1.62 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. சிறியது ஏறத்தாழ 2 லட்சம். 1912இல் ஹென்ரியேட்டா லெவிட் சிறிய மேகத்தின் 25 மாறொளி விண்மீன்களை வைத்து, துடிப்பு நேரத்துக்கும் பொலிவுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். பிரபஞ்சத்தின் தொலைவுகளை அளக்கும் கோல் அதிலிருந்தே கிடைத்தது. பெரிய மேகத்தில் உள்ள டாரன்டுலா நெபுலா, உள்ளூர்க் குழுவிலேயே விண்மீன் பிறப்பு மிகத் தீவிரமாக நடக்கும் இடம். 1987 பிப்ரவரியில் வெறுங்கண்ணுக்குத் தெரிந்த சூப்பர்நோவா வெடித்ததும் அதன் அருகில்தான்.

இவற்றின் வரலாற்றிலும் இடைவெளிகள் உண்டு. பெரிய மேகத்தின் விண்மீன் கொத்துகளில் ஒரு பகுதி 1,200 கோடி ஆண்டு கடந்தவை; மற்றவை 300 கோடிக்கு உட்பட்டவை. நடுவில் வெகுகாலம் அறியப்பட்டிருந்தது ஒரே ஒரு கொத்துதான். ஜேசன் ஹாரிஸ், டென்னிஸ் சரிட்ஸ்கி ஆகியோரின் கணக்கில் பெரிய மேகம் 1,200 கோடி முதல் 500 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை ஓய்ந்திருந்து பிறகு விழித்தது. சிறிய மேகத்தின் ஓய்வு 840 கோடி முதல் 300 கோடிவரை. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி உரசிச் சென்றபோதெல்லாம் வாயு கலங்கிப் பிறப்பு தூண்டப்பட்டது என்பது பரவலான விளக்கம். அந்த உரசலில் சிந்திய ஹைட்ரஜன், வானில் 100 பாகைக்கு மேல் நீளும் மெகல்லன் ஓடையாக இன்றும் ரேடியோ அலைகளில் தெரிகிறது. 2006இல் நித்யா கல்லிவயலில் குழு ஹபிள் மூலம் அளந்த வேகம், மேகங்கள் பால்வீதியை முதல்முறையாக இப்போதுதான் நெருங்கிவந்திருக்கலாம் என்று காட்டியது. பால்வீதிக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தும் இவற்றிடம் வாயு மிஞ்சியிருப்பதற்கு அது பொருத்தமான காரணம்.

பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் இந்த மேகங்கள் நீண்டகால ஆய்வுப் பொருள். 2019 முதல் நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பு வகித்த அன்னபூரணி சுப்பிரமணியமும் ஜி. இந்துவும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, மேகங்களைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் முதன்மை வரிசை எங்கே முடிகிறது என்று பார்த்தது. கடைசியாக விண்மீன் பிறந்த காலம் ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைத்தது. பெரிய மேகத்தில் பிறப்பு வெளிவிளிம்பில் முதலில் ஓய்ந்து, படிப்படியாக உள்நோக்கி ஒடுங்கியிருப்பதை அந்த வரைபடம் காட்டியது.

2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கி இந்த வேலையைத் தொடர்ந்தது. சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு உட்பட்ட சூடான விண்மீன்களே புறஊதாவில் பளிச்சிடும் என்பதால், அண்மைக்காலப் பிறப்பை அது தனியாகப் பிரித்துக் காட்டும். சயன் மண்டல், அன்னபூரணி சுப்பிரமணியம், கோஷி ஜார்ஜ் ஆகியோர் இதன் மூலம் டபிள்யூ.எல்.எம்., ஐ.சி. 2574 என்ற குறுங்கேலக்ஸிகளில் பிறப்பிடங்களைக் கண்டறிந்து, அவற்றின் அளவையும் ஹைட்ரஜன் கூடுகளோடு அவற்றுக்குள்ள உறவையும் ஆராய்ந்தார்கள். 2022இல் தேஜ்பூர் பல்கலைக்கழகத்தின் அன்ஷுமான் போர்கோஹைன், புனே ஐயூகா வானியல் மையத்தின் கனக் சாகா ஆகியோர் அடங்கிய குழு, 100 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள 11 நீலக் குறுங்கேலக்ஸிகளின் வெளிவிளிம்பில் மங்கலான புறஊதா ஒளியைக் கண்டது. விளிம்பில் பிறக்கும் விண்மீன் கொத்துகள் உள்நோக்கி நகர்ந்து கேலக்ஸியை வளர்க்கின்றன என்பது அந்த ஆய்வின் முடிவு.

வாயுவின் கணக்கு

விண்மீன் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். குற்றாலத்து அருவி மலைமேல் விழும் மழையை நம்பியிருப்பதுபோல், குறுங்கேலக்ஸியின் பிறப்பு உள்ளே வரும் வாயுவை நம்பியிருக்கிறது. அந்த வாயு மூன்று வழிகளில் குறைகிறது. முதல் வழி, ஏற்கெனவே சொன்ன தொடக்க காலப் புறஊதாச் சூடு. இரண்டாவது, உள்ளேயே நடக்கும் சூப்பர்நோவா வெடிப்புகள். பால்வீதியில் சூரியன் இருக்கும் இடத்திலிருந்து தப்பிக்க வினாடிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும்; குறுங்கேலக்ஸியில் சில பத்துக் கிலோமீட்டர் போதும். சில வெடிப்புகளே வாயுவை வெளியே தள்ளிப் பிறப்பை நிறுத்திவிடலாம். போன வாயு முழுதும் தப்பாமல் ஆறித் திரும்பினால் பிறப்பும் திரும்பும். மூன்றாவது, பெரிய கேலக்ஸியின் அண்மை. பால்வீதியைச் சூழ்ந்த வெப்ப வாயுவுக்குள் குறுங்கேலக்ஸி வேகமாக நுழையும்போது எதிர்க்காற்றுப்போல் அழுத்தம் வந்து அதன் வாயுவைத் துடைத்தெடுக்கிறது.

மூன்றாவது வழிக்கு வரைபடம்போல் தெளிவான சான்று உண்டு. பால்வீதியிலிருந்து 9 லட்சம் ஒளியாண்டுகளுக்குள் இருக்கும் குறுங்கேலக்ஸிகளில், மெகல்லன் மேகங்களைத் தவிர ஏறத்தாழ எதிலும் ஹைட்ரஜன் வாயு கண்டறியும் அளவில் இல்லை. அந்த எல்லையைத் தாண்டியவற்றில் பெரும்பாலும் இருக்கிறது.

வாயுவை வைத்திருந்தாலே விண்மீன் பிறந்துவிடும் என்றும் இல்லை. புனே அருகே கோடத் என்ற ஊரில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களோடு இயங்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி, ஹைட்ரஜன் தரும் 21 செ.மீ. அலையில் மங்கலான குறுங்கேலக்ஸிகள் அறுபதுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்தது. ஆயிஷா பேகம், ஜெயராம் செங்கலூர் ஆகியோர் ரஷ்ய வானியலாளர் இகோர் கராசெந்த்சேவோடு சேர்ந்து நடத்திய பணி இது. சுமார் ஒரு கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள என்.ஜி.சி. 3741இல் விண்மீன்கள் தெரியும் எல்லையைப்போல் 8 மடங்குக்கு மேல் ஹைட்ரஜன் தட்டு விரிந்திருப்பதை 2005இல் அவர்கள் கண்டார்கள். அத்தனை வாயு இருந்தும் விண்மீன்கள் நடுவில் ஒரு சிறு பகுதியில்தான். வாயு மெலிந்து பரவியிருக்கும் வரை திரண்டு விண்மீனாகாது. அடர்த்தி கூட வேண்டும். லியோ-ஏ போன்றவை வாயுவைக் கையில் வைத்துக்கொண்டே பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

வகுப்பறையில் செய்யக்கூடியது

ஐரோப்பிய விண்வெளி முகமையின் கயா செயற்கைக்கோள் 2025 ஜனவரிவரை சேகரித்த அளவீடுகளில் மூன்றாம் தொகுதி 2022இல் வெளியானது. இணையத்தில் யாரும் இலவசமாக எடுக்கலாம். பெரிய மெகல்லன் மேகத்தின் மையத்தைச் சுற்றி ஒரு பாகை வட்டத்தில் உள்ள விண்மீன்களின் பொலிவையும் நிறத்தையும் இறக்கி, கணினி விரிதாளில் சிதறல் வரைபடமாகப் போட்டால், நிற-பொலிவு வரைபடம் வகுப்பறையிலேயே கிடைத்துவிடும். பால்வீதியின் முன்னணி விண்மீன்கள் கலந்துவரும். அவற்றின் நகர்வு வேறாக இருப்பதால், கயா தரும் நகர்வளவைக் கொண்டு பெரும்பகுதியைச் சலித்துவிடலாம்.

அந்த வரைபடத்தில் மாணவர்கள் மூன்றைக் கண்டுகொள்ளலாம். இடப்பக்கம் செங்குத்தாக ஏறும் நீலப் பட்டை, இளைய விண்மீன்கள். வலப்பக்கம் சாய்ந்து ஏறும் கிளை, செம்பூதங்கள். 19ஆம் பொலிவெண்ணை ஒட்டித் தெரியும் அடர்ந்த திட்டு, மையத்தில் ஹீலியத்தை எரிக்கும் நடுவயது விண்மீன்கள். பழைய தலைமுறையின் திருப்புமுனை மட்டும் தெரியாது: அது 22.5இல் இருக்கிறது, கயாவின் எல்லை 21ஐ ஒட்டி முடிந்துவிடுகிறது. அந்த ஆழத்தை முழு மேகத்துக்கும் தரப்போவது, சிலியில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகத்தின் 8.4 மீட்டர் தொலைநோக்கி. ஒரே படத்தில் 24ஆம் பொலிவெண்ணைத் தாண்டும்படி அது வடிவமைக்கப்பட்டுள்ளது. அதன் பத்தாண்டு அளவையில் மெகல்லன் மேகங்களும் அடங்கும்.

அன்புடன்,
வானியல் கட்டுரையாளர் ஒருவர்